மரம் வாங்கறதுக்கு முன்னாடி: அளவு, ரேட், பில் கணக்கு முழு வழிகாட்டி

புதுசா மரவேலை ஆரம்பிக்கிறவங்க கடைக்குப் போனதும் கேக்கற முதல் கேள்வி "கன அடி என்ன ரேட்?". அந்த ஒரு நம்பரை வச்சு ஒண்ணும் முடிவு பண்ண முடியாதுங்க. எந்த அளவை வச்சு பில் போடறாங்க, மரம் பச்சையா காய்ஞ்சதா, இழைச்சதா இழைக்காததா, அதுல உங்க வேலைக்கு எவ்வளவு தேறும், இதெல்லாம் தெரிஞ்சா தான் ரேட்டுக்கே அர்த்தம். கம்மி ரேட்டுன்னு வாங்கின மரம் கடைசியில அதிக செலவுல முடியறது சர்வ சாதாரணம்.

கீழ இருக்கற வரிசை முக்கியம். நிறைய பேர் 8-வது படியில ஆரம்பிச்சு 1-வது படிக்கு வீட்டுக்கு வந்தப்புறம் திரும்பறாங்க, அப்ப மரம் ஏற்கனவே வாங்கியாச்சு. கூட கணக்கு போட ஒரே ஒரு சின்ன டேபிளை எடுத்துக்கலாம், கடைசி வரைக்கும் அதே டேபிள் தான்.

முன்னாடியே தயாரா வச்சுக்க வேண்டியது

இன்ச்சும் மில்லிமீட்டரும் ரெண்டும் போட்ட டேப் ஒண்ணு. கனம் (அதாவது தடிமன்) பாக்க வெர்னியர், இல்லன்னா ஸ்டீல் ஸ்கேல். டேப்போட கொக்கி கொஞ்சம் ஆடும், நீளம் அளக்கறப்ப அது சரியா வேலை செய்யத்தான் அப்படி வச்சிருக்காங்க, ஆனா 1 இன்ச் கனம் அளக்க அதை நம்பாதீங்க. சாக்பீஸ், கால்குலேட்டர், நோட்டு. முடிஞ்சா ஒரு மாயிஸ்ச்சர் மீட்டர், மலிவானதே போதும், ஏன்னு ஈரம் பத்தி சொல்றப்ப புரியும்.

1. முதல்ல கட் லிஸ்ட், அதுவும் ஃபினிஷ் சைஸ்ல (இழைச்சு முடிச்சப்புறம் இருக்க வேண்டிய அளவு)

செய்யப்போற சாமானோட ஒவ்வொரு துண்டையும் எழுதுங்க: பேர், எத்தனை, கனம், அகலம், நீளம். நம்ம டேபிள் இப்படி:

மேல் பலகை 48 இன்ச் நீளம், 24 அகலம், முக்கா இன்ச் கனம். கால் 4, ஒவ்வொண்ணும் ஒண்ணே முக்காலுக்கு ஒண்ணே முக்கால், 28 நீளம். பலகைக்குக் கீழ கால்களை இணைக்கற நீள சட்டம் 2, 40 நீளம், 4 அகலம், முக்கா கனம். குட்டை சட்டம் 2, 18 நீளம், அதே அகலம், அதே கனம்.

இங்க புதுசா வர்றவங்க வழக்கமா விடற தப்பு, சட்டத்தோட நீளத்தை ரெண்டு கால்களுக்கு நடுவுல இருக்கற இடைவெளியா எழுதிடறது. காலுக்குள்ள போற நாக்கு ரெண்டு பக்கமும் இருக்கு, அதையும் சேத்து எழுதணும். மேல சொன்ன 40-லயும் 18-லயும் நாக்கு சேந்திருக்கு.

இந்த லிஸ்ட்டோட மொத்த கன அளவு எவ்வளவுன்னு பாத்தா: மேல் பலகை 864 கன இன்ச், கால் 343, நீள சட்டம் 240, குட்டை சட்டம் 108. மொத்தம் 1555. ஒரு கன அடிக்கு 1728 கன இன்ச், ஆக 0.9 கன அடி. "அப்ப 1 கன அடி வாங்கினா போதும்"னு இங்கயே கிளம்பறவங்க தான் பாதி வேலையில மறுபடி கடைக்கு ஓடறாங்க.

2. அதை ரஃப் சைஸா மாத்துங்க

அறுத்த மரம் சொரசொரப்பா, கொஞ்சம் வளைஞ்சு, முனையில வெடிச்சு தான் வரும். அதை நேராக்கி இழைச்சு எடுக்கறதுக்குள்ள எல்லாப் பக்கமும் கொஞ்சம் போயிடும். அதனால ஒவ்வொரு துண்டுக்கும் கூட்டிக்கணும். நான் வைக்கற கணக்கு: கனத்துல கால் இன்ச், அகலத்துல அரை இன்ச், நீளத்துல 2 இன்ச். நீளத்துக்கு ஏன் இவ்வளவுன்னா முனை வெடிப்பை வெட்டி எறியணும், அதோட பிளேனர் மெஷின் துண்டோட முனையை மட்டும் கொஞ்சம் ஆழமா கடிச்சிடும், அந்தப் பகுதியும் போகணும்.

24 இன்ச் அகலத்துக்கு ஒரே பலகை தேடாதீங்க, கிடைக்கறதும் கஷ்டம், கிடைச்சாலும் விலை ஜாஸ்தி, வளையவும் செய்யும். 5 இன்ச் பலகை 5 சேத்து ஒட்டினா 25 வரும், ஓரம் வெட்டி 24 ஆக்கிக்கலாம்.

அப்படிப் பாத்தா ரஃப் லிஸ்ட்:

மேல் பலகைக்கு 1 இன்ச் கனம், ஐந்தரை அகலம், 50 நீளம், 5 துண்டு: 1375 கன இன்ச்.
கால் 2 கனம், ரெண்டேகால் அகலம், 30 நீளம், 4 துண்டு: 540.
நீள சட்டம் 1 கனம், நாலரை அகலம், 42 நீளம், 2 துண்டு: 378.
குட்டை சட்டம் 1 கனம், நாலரை அகலம், 20 நீளம், 2 துண்டு: 180.

மொத்தம் 2473 கன இன்ச், அதாவது 1.43 கன அடி. இன்னும் ஒரு கணுவைக் கூட ஒதுக்கல, அதுக்குள்ள 0.9 ஆனது 1.43 ஆயிடுச்சு.

3. எந்த அலகுல விக்கறாங்கன்னு தெரிஞ்சுக்கோங்க

எல்லாமே கடைசியில கன அளவு தான், பேர் தான் வேற வேற.

கன அடி: அகலம் இன்ச்ல, கனம் இன்ச்ல, நீளம் அடியில பெருக்கி 144-ஆல வகுக்கணும். 6 இன்ச் அகலம், ஒன்றரை கனம், 7 அடி நீளம்னா 63-ஐ 144-ஆல வகுக்க 0.4375. நீளத்தையும் இன்ச்லயே எடுத்தா 1728-ஆல வகுக்கணும். இந்த ரெண்டையும் கலந்துடறது தான் அதிகமா நடக்கற தப்பு, நீளம் இன்ச்ல போட்டுட்டு 144-ஆல வகுத்து "என்னங்க இது பன்னெண்டு மடங்கு வருது"ன்னு முழிப்பாங்க.

போர்டு அடி: 1 அடி நீளம், 1 அடி அகலம், 1 இன்ச் கனம், அதாவது 144 கன இன்ச். அகலம் இன்ச், கனம் இன்ச், நீளம் அடி பெருக்கி 12-ஆல வகுத்தா போதும். 12 போர்டு அடி ஒரு கன அடி. ஆன்லைன்ல கிடைக்கற பிளான்ல, வீடியோல பெரும்பாலும் இந்த அலகு தான் வரும். நம்ம டேபிளோட ரஃப் லிஸ்ட் 17 போர்டு அடிக்கு கொஞ்சம் மேல.

கன மீட்டர்: 35.3 கன அடி, கிட்டத்தட்ட 424 போர்டு அடி. மில்லிமீட்டர்ல அளந்தா மூணையும் மீட்டராக்கிட்டு பெருக்குங்க, 25 மிமீ-ங்கறது 0.025, ஒரு சைபர் விட்டா பத்து மடங்கு மாறிடும்.

ரன்னிங் அடி: ரீப்பர், பீடிங், மோல்டிங் மாதிரி அகலமும் கனமும் மாறாத சாமானுக்கு நீளத்தை மட்டும் வச்சு ரேட். இது ரொம்ப மலிவா தெரியும், அதனாலயே மாத்திப் பாக்கணும். 2-க்கு 1 இன்ச் ரீப்பர் ஒரு ரன்னிங் அடின்னா 24 கன இன்ச், 72 ரன்னிங் அடி சேந்தா தான் ஒரு கன அடி. அவங்க சொல்ற ரேட்டை 72-ஆல பெருக்கிப் பாருங்க, பல நேரம் கன அடி ரேட்டை விட நல்லாவே ஜாஸ்தியா இருக்கும். அறுத்து இழைச்ச கூலியும் சேத்தி உள்ள இருக்கு, அதனால அது தப்புன்னு சொல்ல முடியாது, தெரிஞ்சு வாங்குங்க அவ்வளவு தான்.

சதுர அடி: ப்ளைவுட், ஒட்டுப் பலகை, தரைப் பலகை. கனம் தனியா சொல்லிடுவாங்க.

எடை: கருங்காலி, சந்தனம் மாதிரி விலை உசந்த மரம் சில சமயம் கிலோ கணக்குல வரும். இதுல ஈரத்துக்கும் சேத்து காசு குடுக்கறீங்க. ஒரே கட்டை 12 சதவீத ஈரத்துல இருக்கறதை விட 30 சதவீதத்துல 16 சதவீதம் எடை கூட இருக்கும்.

4. சொல்ற சைஸ் வேற, கையில வர்ற சைஸ் வேற

பிளான்ல "2-க்கு 4"னு பாத்துட்டு 2 இன்ச்சுக்கு 4 இன்ச்னு நெனச்சு கட் லிஸ்ட் போட்டா வேலையே மாறிடும். வட அமெரிக்க சாஃப்ட்வுட் (பைன் மாதிரி மரம்) கணக்குல 2-க்கு 4-ங்கறது காஞ்சு இழைச்சதுக்கு அப்புறம் ஒன்றரைக்கு மூன்றரை இன்ச். 1-க்கு 6-ங்கறது முக்காலுக்கு ஐந்தரை. 2-க்கு 8-ங்கறது ஒன்றரைக்கு ஏழேகால். பேர் மட்டும் பழைய அறுப்பு சைஸ்ல நின்னுபோச்சு.

8 அடி நீள 2-க்கு 4-ஐ பேர்ல இருக்கற சைஸ்ல கணக்கு போட்டா 768 கன இன்ச், உண்மையில கையில இருக்கறது 504. மூணுல ஒரு பங்கு காணோம். இதை துண்டு கணக்குல வித்தா பிரச்சனை இல்ல, ஆனா வேற ஒரு கடையோட கன அடி ரேட்டோட ஒப்பிடறப்ப 504-ஐ வச்சு தான் ஒப்பிடணும்.

கடின மரத்துல கனத்தை நாலுல ஒரு பங்கா சொல்வாங்க: 4/4-ன்னா 1 இன்ச், 5/4-ன்னா ஒண்ணேகால், 6/4 ஒன்றரை, 8/4 ரெண்டு. இதெல்லாம் இழைக்கறதுக்கு முன்னாடி இருந்த கனம். ரெண்டு பக்கமும் இழைச்ச 4/4 பலகை கையில வர்றப்ப 13/16 இன்ச் தான் இருக்கும், பில்லு மட்டும் முழு 1 இன்ச்சுக்கு. இது ஏமாத்து இல்லங்க, வழக்கமே அப்படித்தான். நீங்க பாக்க வேண்டியது, அந்த 13/16-ல இருந்து உங்க முக்கா இன்ச் வருமான்னு. பலகை நேரா இருந்தா வரும், வளைஞ்சிருந்தா வராது, அப்ப 5/4 எடுக்கணும், விலை கூடும்.

இதனால கடையில கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணே ஒண்ணு: "அளவு இழைக்கறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?" அதோட ரம்பம் தின்ன மரத்தூளை யார் கணக்குல சேக்கறாங்கன்னும் கேட்டுக்கோங்க. வட்ட ரம்பம் ஒவ்வொரு அறுப்புலயும் சுமார் 3 மிமீ தின்னும், பெரிய கட்டையில இருந்து உங்களுக்காக அறுத்துக் குடுத்தா அது யாரோட மரம்ங்கறது முன்னாடியே பேசினா சண்டை இல்ல.

5. ஈரத்தைப் பாருங்க, அதுவும் விலை தான்

ஈர சதவீதம்ங்கறது மரத்துல இருக்கற தண்ணியோட எடையை, முழுசா காஞ்ச மரத்தோட எடையால வகுத்தது. அதனால தான் பச்சை மரத்துல 100 சதவீதத்துக்கு மேல கூட வரும், மீட்டர் கெட்டுப்போச்சுன்னு நினைக்க வேணாம்.

சுமார் 28-30 சதவீதத்துக்கு மேல எவ்வளவு ஈரம் இருந்தாலும் மரத்தோட சைஸ் மாறாது, அதுக்குக் கீழ எறங்க ஆரம்பிச்சா தான் சுருங்கும். வருட வளையத்தை ஒட்டின திசையில சுருங்கறது நடுவுல இருந்து வெளிப்பக்கமா போற திசையை விட ஏறக்குறைய ரெண்டு மடங்கு, நீளத்துல கணக்குலயே எடுக்காத அளவு கம்மி. இந்த ரெண்டு மடங்கு வித்தியாசம் தான் பலகை கிண்ணம் மாதிரி குழியறதுக்குக் காரணம்.

அளவுல பாத்தா: தேக்கு ரொம்ப கம்மியா சுருங்கற மரம், அதுலயே பச்சையா 6 இன்ச் அகலத்துல வாங்கின பலகை 12 சதவீதத்துக்கு வர்றப்ப 5 மிமீ வரைக்கும் குறையும். ரெட் ஓக்கா இருந்தா 8 மிமீ. நம்ம ரஃப் லிஸ்ட்ல அகலத்துக்கு விட்ட அரை இன்ச் 12.7 மிமீ தானே, ரெட் ஓக்குல அதுல பாதிக்கு மேல சுருக்கத்துலயே போயிடும்.

ஆக பச்சை மரம் வாங்கினா, கன அளவுல கொஞ்சம் காணாம போகும், மாசக்கணக்குல காத்திருக்கணும், காயறப்ப வெடிக்கறதும் முறுக்கறதும் உங்க கணக்கு. காய வச்ச மரத்தோட ரேட் ஜாஸ்தியா இருக்கறதுக்கு இது தான் காரணம். என்னைக் கேட்டா முதல் ரெண்டு மூணு வேலைக்கு காஞ்ச மரமே வாங்குங்க.

மீட்டர் வைக்கறப்ப முனையில வைக்காதீங்க, முனை எப்பவும் சீக்கிரம் காஞ்சிருக்கும். பலகையோட நடுப்பக்கத்துல, அடுக்குல மேல இருக்கறதை விட்டுட்டு உள்ள இருக்கற பலகையை உருவி வைங்க.

6. தரம்: மரம் எவ்வளவு அழகுங்கறது இல்ல, எவ்வளவு தேறும்ங்கறது

அமெரிக்க கடின மரத்துக்கு என்எச்எல்ஏ (அங்க இருக்கற கடின மர வியாபாரச் சங்கம்) விதின்னு ஒண்ணு இருக்கு, இறக்குமதி மரத்தோட பில்லுல எஃப்ஏஎஸ் (மேல் தரம்), 1 காமன் (அதுக்குக் கீழ் தரம்)னு வர்றது அது தான். எஃப்ஏஎஸ்னா பலகை குறைஞ்சது 6 இன்ச் அகலம், 8 அடி நீளம், அதுல 83.3 சதவீதம் குறையில்லாத துண்டுகளா வெட்ட வரணும். 1 காமன்ல அது 66.7 சதவீதம், பலகை 3 இன்ச் அகலம், 4 அடி நீளம் இருந்தாலே போதும்.

இதுல பலர் கவனிக்காதது அந்த குறையில்லாத துண்டோட சைஸ். எஃப்ஏஎஸ்ல ஒவ்வொரு துண்டும் 4 இன்ச்சுக்கு 5 அடி, இல்ல 3 இன்ச்சுக்கு 7 அடியாவது இருக்கணும். 1 காமன்ல 4-க்கு 2 அடி, இல்ல 3-க்கு 3 அடி இருந்தா போதும். அதாவது 1 காமன் மட்டமான மரம் இல்ல, சின்னத் துண்டா தேறற மரம். நம்ம குட்டை சட்டம் 20 இன்ச், அதுக்கு எஃப்ஏஎஸ் வாங்கறது வீண் செலவு. 50 இன்ச் மேல் பலகைக்கு 1 காமன்ல போய் தேடினா பலகை மேல பலகையா பெரட்டிட்டு இருப்பீங்க.

தரமே பிரிக்காத கடையில இதையே கண்ணால பண்ணணும். கணு எங்க இருக்கு, ஓரத்துல வெள்ளை மரம் எவ்வளவு ஓடுது, பட்டை ஒட்டின பகுதி இருக்கா, பூச்சி ஓட்டை இருக்கா. வைரம் பாஞ்ச பகுதியை (வெள்ளை போக உள்ள இருக்கற கெட்டியான மரம்) மட்டும் மனசுல அளந்து பாருங்க, 6 இன்ச் பலகையில ஒண்ணரை இன்ச் வெள்ளைன்னா பூச்சி அரிக்கக் கூடாத வேலைக்கு அது நாலரை இன்ச் பலகை தான், காசு மட்டும் 6 இன்ச்சுக்கு.

7. எந்த நீளம் வாங்கணும்னு வீட்டுலயே முடிவு பண்ணுங்க

எல்லாரும் "20 சதவீதம் கழிவு சேத்துக்கோ"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க. அந்த 20 எங்க இருந்து வருதுன்னு பாத்தா தான் அதைக் குறைக்க முடியும்.

கால்களை விட்டுட்டு 1 இன்ச் கனத் துண்டுகளை மட்டும் எடுத்துக்கோங்க: 50 இன்ச் அஞ்சு, 42 இன்ச் ரெண்டு, 20 இன்ச் ரெண்டு. தேவையான மரம் 1.12 கன அடி. பலகை எல்லாம் 6 இன்ச் அகலம், ஒரு கணு கூட இல்லன்னு வச்சுக்குவோம்.

கடையில 7 அடி பலகை மட்டும் இருக்குன்னா, 84 இன்ச்ல ஒரு 50 வெட்டினா 34 மிச்சம். 34-ல 20 வரும், 42 வராது. 42 ரெண்டு ஒரே பலகையில வருமான்னு பாத்தா 84 சரியா வருது, ஆனா ரம்பம் தின்ற 3 மிமீ இடிக்குது. ஆக அஞ்சு பலகை மேல் பலகைக்கு, அதோட மிச்சத்துல குட்டை சட்டம், நீள சட்டத்துக்கு இன்னும் ரெண்டு பலகை. ஏழு பலகை, 2.04 கன அடி. தேறினது 55 சதவீதம்.

இப்ப அதே மரம், அதே ரேட், ஆனா நீளம் பொறுக்கி எடுக்கறோம்: 8 அடி ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு 50-உம் ஒரு 42-உம். 6 அடி ரெண்டு, ஒவ்வொண்ணுலயும் ஒரு 50-உம் ஒரு 20-உம். கடைசி 50-க்கு நாலரை அடி ஒண்ணு. மொத்தம் 32.5 அடி நீளம், 1.35 கன அடி. தேறினது 83 சதவீதம்.

ரேட் பேசி 10 சதவீதம் குறைக்கறதை விட இந்தப் பேப்பர் வேலை அதிகம் மிச்சம் பண்ணும். மிச்சத் துண்டு வேற வேலைக்கு ஆகும்னு சொல்லலாம் தான், ஆனா மூலையில சேந்து கெடக்கற துண்டுகளை எத்தனை பேர் எடுத்து யூஸ் பண்றோம்?

இதுக்கு மேல கணு, வெடிப்புக்குன்னு 10-ல இருந்து 20 சதவீதம் சேத்துக்கோங்க, மரத்தைப் பாத்து. நிறமும் ரேகையும் ஒத்துப்போகணும்னா இன்னும் கொஞ்சம்.

8. கடையில அளக்கற வரிசை

கனம் முதல்ல. ஏன்னா காசு அங்க தான் ஓடுது. 6 இன்ச் அகலத்துல கால் இன்ச் தப்பா அளந்தா 4 சதவீதம், 1 இன்ச் கனத்துல கால் இன்ச் தப்பா அளந்தா 25 சதவீதம். 7/8 இன்ச் இருக்கற பலகையை 1-ன்னு எழுதினா 14 சதவீதம் கூட குடுக்கறீங்க. ரெண்டு முனையிலயும் நடுவுலயும் வெர்னியர் வைங்க, மூணுல எது கம்மியோ அது தான் உங்க கனம், இழைச்சா மத்த இடமும் அந்த அளவுக்கு எறங்கித்தான் ஆகணும்.

அடுத்து அகலம், ஒடுங்கின பக்கத்துல, பட்டையை விட்டுட்டு. ஒரு பக்கம் அகலமா ஒரு பக்கம் ஒடுக்கமா இருந்தா சராசரி எடுப்பாங்க, அது நியாயம், ஆனா உங்க துண்டு நேரானதுன்னா ஒடுங்கின பக்கம் தான் கணக்கு.

அப்புறம் நீளம், முனை வெடிப்பு முடியற இடத்துல இருந்து. மெல்லிசான வெடிப்பு கண்ணுக்குத் தெரியாது, முனையில கொஞ்சம் தண்ணி தடவினா கோடு தெரிஞ்சிடும்.

கடைசியா பலகையை கண்ணு மட்டத்துக்குத் தூக்கி நீளவாக்குல பாருங்க. குழிவு, நீள வளைவு, முறுக்கு. முறுக்கு தான் மோசம், ரெண்டு மூலை தூக்கி நிக்கற பலகையை நேராக்கினா 1 இன்ச் அரை இன்ச்சா ஆயிடும். நீள வளைவு இருந்தா பயப்பட வேணாம், குட்டைத் துண்டா வெட்டினா வளைவும் குறைஞ்சிடும், 20 இன்ச் சட்டத்துக்கு அதையே எடுக்கலாம்.

எடுத்த ஒவ்வொரு பலகையிலயும் சாக்பீஸ்ல நம்பர் போட்டு, அதே நம்பர்ல நோட்டுல அளவை எழுதிடுங்க.

9. ரேட்டை ஒப்பிடறது: தேறற மரத்துக்கு எவ்வளவு

மூணு இடத்துல விலை கேட்டிருக்கீங்கன்னு வைங்க, நம்பர் எந்தக் காசா இருந்தாலும் சரி. முதல் கடை கன அடிக்கு 1200. ரெண்டாவது போர்டு அடிக்கு 95. மூணாவது கன மீட்டருக்கு 40,000.

எல்லாத்தையும் கன அடிக்கு மாத்தினா 1200, 1140, 1133. மூணாவது தான் மலிவு, இல்லையா?

இப்ப தேறற கணக்கு. முதல் கடையில காஞ்ச மரம், நீளம் பொறுக்கி எடுக்க விடறாங்க, 80 சதவீதம் தேறும். ரெண்டாவதுல பொறுக்க விடாம மொத்தக் கட்டா தான் தருவாங்க, கணு அதிகம், 60. மூணாவது பச்சை மரம், காஞ்சு வெடிப்பு போக 65. ரேட்டை இதால வகுங்க: 1500, 1900, 1743. நம்ம 1.43 கன அடி ரஃப் லிஸ்ட்டுக்கு முதல் கடையில 2145, ரெண்டாவதுல 2717, மூணாவதுல கிட்டத்தட்ட 2490. ரேட்டுல ஒசத்தியா இருந்த கடை தான் கடைசியில மலிவு.

இதோட அறுப்புக் கூலி, இழைப்புக் கூலி, வண்டி வாடகை, வரி. உங்ககிட்ட பிளேனர் மெஷின் இல்லன்னா இழைப்புக் கூலியை மறக்காம சேருங்க, அப்ப இழைச்சே விக்கற கடை சில நேரம் ஜெயிச்சிடும்.

10. உருட்டுக் கட்டையா வாங்கறீங்கன்னா

பழக்கம் இல்லாதவங்களுக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன், இருந்தாலும் கணக்கு தெரிஞ்சிருக்கணும். பல இடத்துல ஹோப்பஸ் முறைன்னு ஒண்ணு ஓடுது: கட்டையோட நடுவுல சுத்தளவு எடுத்து, அதை நாலால வகுத்து, வந்ததை அதாலயே பெருக்கி, நீளத்தால பெருக்கி, 144-ஆல வகுக்கணும். 60 இன்ச் சுத்தளவு, 10 அடி நீளம்னா 15-ஐ 15-ஆல பெருக்க 225, அதுல இருந்து 15.6 கன அடி. உண்மையான வட்டக் கணக்குல அதே கட்டை 19.9 வரும். இந்த முறையில எப்பவும் 78.5 சதவீதம் தான் வரும், மிச்சம் அறுப்புக் கழிவுக்கு விட்ட சலுகை. அதனால ரெண்டு கடை ஒரே ரேட் சொன்னாலும் எந்த முறையில அளக்கறாங்கன்னு கேக்காம ஒப்பிடாதீங்க.

சுத்தளவு தப்பானா ரெண்டு தடவை பெருக்கப்படுது. டேப் சாஞ்சு போய் 60-க்கு பதிலா 62 வந்தா கன அளவு கிட்டத்தட்ட 7 சதவீதம் ஏறிடும். டேப் கட்டைக்கு நேர் குறுக்கா இருக்கணும், பட்டை இருந்தா அதுக்குக் கழிச்சிக்கணும். நடுவுல ஓட்டையா, அழுகலான்னு ரெண்டு முனையிலயும் பாருங்க.

11. ப்ளைவுட் சேத்து வாங்கறப்ப

8-க்கு 4 அடி ஷீட் 32 சதுர அடி. இதுல கன அடி கணக்கு வேலைக்கு ஆகாது, ஷீட்டை வரைஞ்சு அதுல துண்டுகளை அடுக்கிப் பாத்து எத்தனை முழு ஷீட்னு எண்ணணும். ரேகை ஓடற திசையை மறந்துட்டு அடுக்கினா பேப்பர்ல ரெண்டு ஷீட்ல முடிஞ்சது வெட்டறப்ப மூணு ஆகும். கனத்தை இங்கயும் அளங்க, 18 மிமீ-ன்னு முத்திரை இருந்தாலும் கொஞ்சம் கம்மியா வரலாம், காடி (ஷீட் உள்ள உக்கார வெட்டற பள்ளம்) போடறப்ப அந்த வித்தியாசம் இடிக்கும்.

12. பில்லும், வீட்டுக்கு வந்தப்புறமும்

பில்லுல மொத்த கன அடியை மட்டும் வாங்காதீங்க, ஒவ்வொரு பலகையோட அளவையும் எழுதச் சொல்லுங்க. உங்க நோட்டுல இருக்கற நம்பரோட ஒத்துப் பாத்தா எங்க முழுசாக்கி எழுதினாங்கன்னு தெரிஞ்சிடும். ஐந்தே முக்கால் 6 ஆனா 4 சதவீதம். அகலத்துல மட்டும்னா விட்டுடலாம், கனத்துலயும் அதே மாதிரி ஏத்தியிருந்தா அங்கயே நின்னு பேசிடணும், பணம் குடுத்தப்புறம் பேசி பிரயோஜனம் இல்ல.

வீட்டுக்கு வந்ததும் வெட்டாதீங்க. பலகைக்கு நடுவுல ஒரே கனத்துல குச்சி வச்சு, குச்சிகள் மேலயும் கீழயும் ஒரே நேர்ல வர்ற மாதிரி அடுக்கி, தரையில படாம, வேலை செய்யற அதே இடத்துல வைங்க. மீட்டர்ல ரெண்டு வாரம் எண் மாறாம நின்னா அந்த இடத்தோட காத்துக்கு மரம் பழகிடுச்சுன்னு அர்த்தம். அப்புறம் நீளத் துண்டுகளை முதல்ல வெட்டுங்க, 50 இன்ச்ல ஏதாவது ஒண்ணு வெடிச்சு வீணாப் போனா அதையே 42-க்கோ 20-க்கோ எறக்கிக்கலாம். குட்டைத் துண்டுகளை முதல்ல வெட்டிட்டா அந்த வழி இருக்காது.